கணக்கா, உருக்கமா? பாட்டுப் படிப்பவர்களும் கேட்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு முன்னறையில் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். பாட வரும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் அம்மா அப்பாக்கள், மார்கழி வந்தால் சபா சபாவாகப் போகும் ரசிகர்கள் என்று பலரும் என்னிடம் வேறு வேறு வார்த்தைகளில் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். பாட்டில் மூளைக்கு எவ்வளவு இடம், மனசுக்கு எவ்வளவு இடம்? பல வருடமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

தாளத்துக்குள் எண்களை அடுக்கும் வேலையைத்தான். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் 4 மாத்திரையாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32. கல்பனாஸ்வரம், அதாவது ச ரி க ம என்ற ஸ்வரங்களையே கற்பனையாகக் கோத்துப் பாடுவது, முடியும்போது ஒரு கோர்வை வைப்போம். ஒரே அமைப்பை மூன்று தடவை பாடி, பாட்டு எடுக்கிற இடத்தில் வந்து இறங்க வேண்டும். 'ததிகிணதொம்' என்பது 5 மாத்திரை. இரண்டு தடவை சொன்னால் 10. அப்புறம் ஒரு மாத்திரை கார்வை (இடைவெளி), மறுபடி 10, மறுபடி 1, மறுபடி 10. கூட்டினால் 32. சமத்தில், அதாவது தாளச் சுற்று ஆரம்பிக்கும் இடத்தில், தொடங்கி அடுத்த சமத்துக்கு வந்துவிடலாம். பாட்டு சமத்தில் எடுக்காமல் ஒன்றரை இடம் தள்ளி எடுத்தால் இன்னும் 6 மாத்திரை வேண்டும், மொத்தம் 38. அப்போது 10 இருந்த இடத்தில் 12 வைத்தால் போதும்.

அடிப்படை இவ்வளவுதான். இதன்மேல் 3, 4, 5, 7, 9 என்ற ஐந்து ஜாதிகளும், நடை மாற்றமும், குறைப்பும் சேர்ந்துகொண்டால் ஓர் ஆயுள் போதாது.

சரி, உருக்கம் என்றால்?

பாட்டுக்காரர்கள் 'பாவம்' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் வேறு இரண்டு பொருள் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அதனால் உருக்கம் என்றே எழுதுகிறேன். அதைச் சோகம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காதல், விளையாட்டு, உரிமையோடு வரும் கோபம், பக்தி, குழந்தையைத் தூங்கவைக்கும் அம்மாவின் களைப்பு எல்லாம் அதில் அடங்கும். பாடுகிற மனம் இளகி இருக்கிறது, அது கேட்கிறவருக்கும் தெரிகிறது. அந்த நிலைக்குத்தான் இந்தப் பெயர்.

இரண்டில் எது முக்கியம்? நேராகச் சொல்லுங்கள்.

உருக்கம்தான். கணக்கைக் கற்றே ஆக வேண்டும். ஆனால் எந்த ராகம், எந்த வரி, எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிற இடத்தில் கணக்கை உட்காரவைக்கக் கூடாது. நம் சங்கீதத்தில் பாடகர் தானாகக் கற்பனை செய்து பாடும் பகுதிக்குப் பெயரே மனோதர்மம். பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை, பாட்டின் ஒரு வரியையே பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் அதற்குள் வருகின்றன. மனத்தின் தர்மம் என்று பெயர் வைத்தவர்கள் தெரியாமல் வைக்கவில்லை.

உங்களுக்கு இது எப்போது புரிந்தது?

எனக்கு 24 வயது. மார்கழி சீசனில் ஒரு மத்தியானக் கச்சேரி கிடைத்தது, ஒன்றரை மணி நேரம். கல்யாணி ராகப் பாட்டுதான் மெயின். மூன்று வாரம் ராத்திரி பகலாக ஒரு கோர்வையைப் பழகியிருந்தேன். நோட்டில் சிவப்பு மையில் எழுதி, பஸ்ஸில் போகும்போதும் தொடையில் தட்டித் தட்டிப் பார்ப்பேன்.

அன்றைக்கு நிரவலில் என்னமோ நடந்தது. அம்பாளிடம் மன்றாடுகிற வரி அது. நாலைந்து தடவை பாடியபின் குரல் மேல் காந்தாரத்தில் போய் நின்றது. நான் கொண்டுபோய் வைத்த மாதிரியே இல்லை. வயலின் வாசித்த பெரியவர் ஒரே ஒரு நீள வில்லில் அதற்குப் பதில் சொன்னார். மூன்றாவது வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. இன்னும் 20 நிமிஷம். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு 10 நிமிஷம் விட வேண்டும். கோர்வை பாடாமல் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. நிரவலை அங்கேயே விட்டுவிட்டு ஸ்வரத்துக்குத் தாவினேன். கோர்வை சரியாக வந்து விழுந்தது. கைதட்டினார்கள்.

கச்சேரி முடிந்து வயலினைத் துணியில் சுற்றிக்கொண்டே அந்தப் பெரியவர் கேட்டார்: "ஏம்மா, நிரவல்ல உனக்கு வாசல் திறந்துது. ஏன் உள்ள போகாம திரும்பி வந்துட்ட?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோர்வை இன்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காந்தாரம் ஞாபகம் இருக்கிறது.

அப்படியென்றால் கணக்கே கற்காமல் மனசு போன போக்கில் பாடலாமா?

கூடாது. தாளம் கையில் நிற்காதவருக்கு உருக்கம் வந்தாலும் அதை வைக்க இடம் இருக்காது. பாதி மனம் 'சமம் எங்கே, சமம் எங்கே' என்று தேடிக்கொண்டிருக்கும்போது மீதி மனம் எப்படி இளகும்? என் மாணவர்கள் சரளி வரிசையிலிருந்தே மூன்று காலத்திலும் பாடியாக வேண்டும். அலங்காரங்களை ஏழு தாளத்திலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். கணக்கு உடம்பில் ஊறிவிட்டால் அதை நினைக்க வேண்டியதில்லை. சமையலில் உப்பு போடுகிற கை மாதிரி அது தானாக அளந்துகொள்ளும்.

பெரிய வித்வான்களில் யார் இப்படிப் பாடினார்கள்?

நான் முதலில் சொல்லும் பெயர் மதுரை மணி ஐயர் (1912–1968). அவருடைய கல்பனாஸ்வரத்துக்குச் சர்வலகு என்று பெயர். தாளத்தின் இயல்பான நடையிலேயே ஸ்வரங்கள் ஓடிவரும். ஐந்தைந்தாக, ஏழேழாகக் கட்டி முடிச்சுப் போட்டு அவிழ்க்கும் வேலை அதில் அதிகம் இருக்காது. மாட்டு வண்டி நல்ல சாலையில் சலங்கை குலுங்கப் போகிற மாதிரி இருக்கும். தாளமே தெரியாதவர்களும் தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பழைய ஒலிப்பதிவு ஏதாவது கிடைத்தால் ஸ்வரப் பகுதியை மட்டும் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு சந்தோஷமான மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். என் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் போடுவது அதைத்தான்.

இன்னொருவர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசிப்பார். அன்றைய பெரிய வித்வான்களெல்லாம் அங்கே போய்ச் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் இயற்றிய பதங்கள், அதாவது காதலைப் பாடும் பாட்டுகள், அவர் குடும்பத்தின் சொத்து. பதம் மிகவும் விளம்பமாக, மெதுவாகப் போகும். அங்கே சாமர்த்தியம் காட்ட இடமே கிடையாது. ஒரே வரியை ஒரு விதமாகப் பாடும் ஒரு சங்கதியிலிருந்து அடுத்த சங்கதிக்குப் போக எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பாடிப் பார்த்தால்தான் தெரியும். அவர் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அதை அப்படியே பாடினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) அதையே அபிநயமாக ஆடினார்.

கணக்கும் உருக்கமும் எதிரிகளா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் மற்ற பதில்களை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சியாமா சாஸ்திரியைப் பாருங்கள். 1762இல் திருவாரூரில் பிறந்து, தஞ்சாவூரில் பங்காரு காமாட்சி சந்நிதியில் வாழ்ந்தவர். தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், இவர் என்ற சங்கீத மும்மூர்த்திகளில் லயத்தில், அதாவது தாளக்கட்டில், அதிகம் விளையாடியவர் அவர்தான். மிச்ர சாபு தாளம் 7 மாத்திரை, வழக்கமாக 3, 4 என்று போகும். அவர் சில பாட்டுகளில் அதைத் திருப்பி 4, 3 என்று வைத்தார். அதற்கு விலோம சாபு என்று பெயர். ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறவர் காதில் முதலில் விழுவது எண் அல்ல. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து 'என்னைப் பார்' என்று கேட்கும் குழந்தையின் குரல்தான் விழுகிறது. நான் சிறுமியாகக் கேட்டபோது அப்படித்தான் கேட்டேன். பல வருடம் கழித்துக் கையில் தாளம் போட்டு உட்கார்ந்தபோதுதான், இத்தனை கணக்கு இதற்குள் இருந்ததா என்று திகைத்தேன். அழுகிற குழந்தை சீராக அழாது. தடுக்கும், ஏங்கும், முன்னால் நீளும். அந்தத் தாளமும் அப்படித்தான் தடுத்து ஏங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆலத்தூர் சகோதரர்களைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். லயத்திலும் பல்லவியிலும் பேர்போனவர்கள். அவர்கள் ஸ்வரம் பாடும்போது கணக்கே ஒரு குதூகலமாக இருக்கும். கோலம் போடுகிறவள் 21 புள்ளி வைத்து, கடைசிக் கோட்டை முதல் கோட்டோடு சேர்க்கும்போது அவள் முகத்தில் வருமே, அந்தச் சந்தோஷம். அதுவும் உருக்கம்தான்.

நான் சண்டை போடுவது ஒன்றோடுதான். உள்ளே எதுவும் இல்லாமல், 'இதைப் பாடினால் கைதட்டுவார்கள்' என்று மட்டும் போடுகிற கணக்கோடு.

உருக்கம் என்றால் கண்ணீர் விட்டுக்கொண்டு பாடுவதா?

பாடிப் பாருங்கள், முடியாது. அழுகை வந்தால் தொண்டை இறுகும், சுருதி விலகும், மூச்சு பாதியில் அறுந்துவிடும். மேடையில் முகத்தைச் சுளித்து அழுவது போலக் காட்டுகிறவர்களிடம் பெரும்பாலும் குரலில் ஒன்றும் இருக்காது. அழ வேண்டியதை வீட்டில், சாதகம் (பயிற்சி) செய்யும்போது அழுதுவிட வேண்டும். மேடைக்கு வரும்போது அது ஆறிப்போயிருக்க வேண்டும். ஆறிய பால்தான் உறையும்.

ஒரு ராகத்தில் உருக்கம் எங்கே இருக்கிறது? ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றுதானே?

ஸ்வர ஸ்தானம் ஒன்றாக இருக்கலாம், ஸ்வரம் ஒன்றல்ல. தோடியிலும் கரகரப்ரியாவிலும் இருப்பது 'சாதாரண காந்தாரம்' என்ற ஒரே ஸ்தானம்தான். தோடியைப் பாடுகிறவர் அதைக் கரகரப்ரியாவின் காந்தாரம் போலப் பாடினால் தோடி செத்துவிடும். எவ்வளவு அசைவு, எங்கிருந்து தொட்டு வருவது, எங்கே விடுவது என்று கமகத்தில்தான் உயிர் இருக்கிறது. இதை எழுத்தில் கொண்டுவர முடியாது. நோட்டில் 'க' என்று எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.

என் குரு எனக்குச் சஹானா சொல்லிக்கொடுத்தபோது 'ப ம க ம ரீ' என்ற ஒரு பிடியில், அதாவது சிறு ஸ்வரத் தொடரில், மூன்று வாரம் நிறுத்தினார். தினம் காலையில் போவேன். அவர் அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். நான் பாடுவேன். தலையை நிமிர்த்தாமல் "இல்லை" என்பார். மறுபடி பாடுவேன். "இல்லை." ஸ்வரம் தப்பா, சுருதி தப்பா என்று கேட்டால் அதுவும் இல்லை என்பார். கடைசியில் ஒரு நாள் சொன்னார்: "ரிஷபத்துக்கு வந்ததும் அடுத்ததுக்குக் கிளம்பிடறே. வந்த வீட்டில உக்காரு கொஞ்சம்."

அன்றைக்கு உட்கார்ந்தேன். கீரை உருவுகிற கை நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பிடியைப் பாடினார். நான் நோட்டை எடுக்க மறந்துவிட்டேன்.

தெலுங்கும் சம்ஸ்கிருதமும் புரியாது. பொருள் தெரியாமல் எப்படி உருகுவது?

பொருள் தெரிந்துகொள்ளுங்கள். வேறு வழி கிடையாது. நம் பாட்டு நோட்டில் தெலுங்கைத் தமிழில் எழுதி, க2, க3, த4 என்று மேலே எண் போட்டுப் பாடம் பண்ணுகிறோம். உச்சரிப்புக்கு அது போதும். அதற்குக் கீழே இன்னொரு வரி விட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் பொருள் எழுதச் சொல்கிறேன். முழு வரிக்கும் சேர்த்து ஒரு பொருள் எழுதினால் ஏற்க மாட்டேன். வார்த்தை வார்த்தையாக வேண்டும். ஏனென்றால் நிரவலில் நாம் வரியை உடைத்து உடைத்துத்தான் பாடுகிறோம். எங்கே உடைக்கலாம் என்று பொருள் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இது தமிழுக்கும் பொருந்தும். கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரத்தில் மாஞ்சி ராகத்தில் ஒரு பாட்டு வைத்திருக்கிறார், 'வருகலாமோ' என்று தொடங்கும். உள்ளே போக அனுமதி இல்லாத பக்தர் வெளியே நின்று 'நான் வரலாமா' என்று இறைவனைக் கேட்கிறார். இதை அவசரத்தில் 'வருக' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'லாமோ' என்று பாடிப் பாருங்கள். கெஞ்சி நின்றவர் வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்கிறவராக ஆகிவிடுகிறார். தாளத்துக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நந்தனார் எங்கே போனார்? அந்த ஒரு வார்த்தையை உடையாமல் பாட மூச்சு போதவில்லை என்றால் மூச்சைத்தான் வளர்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் அரை நிமிஷ வீடியோதான் ஓடுகிறது. அதில் கோர்வை போட்டால்தான் பார்க்கிறார்கள். உருக்கத்துக்கு நேரம் வேண்டாமா?

நேரம் குறைவு என்பது சாக்குதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகஸ்வரத்தில் தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர். கிராமபோன் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம்தான் இடம். அந்த இடத்துக்குள்ளும் தோடியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இன்றும் கேட்கிறோம். அரை நிமிஷம்தான் கிடைத்தது என்றால் ஒரே ஒரு பிடியைப் பாடுங்கள். அதை முழுசாகப் பாடுங்கள்.

கூட்டம் வராவிட்டால்? எல்லோருக்கும் பிடித்த மாதிரி பாடுவது தப்பா?

கேட்கிறவரை மதிப்பது தப்பில்லை. ஆனால் கேட்கிறவருக்கு என்ன பிடிக்கும் என்று நாம் போடுகிற கணக்கு அநேகமாகத் தப்பாகத்தான் இருக்கும்.

எம். டி. ராமநாதன் (1923–1984) டைகர் வரதாச்சாரியாரின் சீடர். கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தார். கீழ்ச் சுருதி, ஆழமான குரல், மற்றவர்கள் பாடுவதைவிட மெதுவான காலப்பிரமாணம். விறுவிறுப்பை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு அது பழக்கமில்லாத பாட்டு. அவர் காலத்தில் எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை. அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தால் கச்சேரிகள் கூடியிருக்கலாம். அவர் கூட்டவில்லை. இன்றைக்கு அவர் பாட்டைத் தேடித் தேடிக் கேட்கிறவர்கள், அவர் இறந்த பிறகு பிறந்தவர்கள்கூட, நிறைய இருக்கிறார்கள். அவர் சஹானாவோ, யதுகுலகாம்போதியோ கேட்டுவிட்டு உடனே வேறு எதையும் கேட்க என்னால் முடிவதில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது.

என் பெண் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் பாடப் போகிறேன் என்கிறாள். மனசு சொல்வதைக் கேட்டு யாராவது நன்றாக இருந்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அப்பாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கவலை பொய்யில்லை. அடுப்பு எரிய வேண்டும். நானே 19 வருடம் அலுவலக வேலையில் இருந்துகொண்டுதான் பாடினேன். அதற்காக என் பாட்டு குறைந்துபோகவில்லை. காலை 5 மணிக்குச் சுருதிப்பெட்டியைத் திறந்தால் 7 மணி வரை உலகம் என்னைக் கூப்பிடாது.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "ஒரு கச்சேரிகூடக் கிடைக்காதுன்னு இன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்குக் காலையில பாடுவியா?" அவள் யோசிக்காமல் "பாடுவேன் மாமி, வேற என்ன பண்றது?" என்றாள். அப்படியானால் வேலையை விடுவதா வேண்டாமா என்பது வீட்டுச் செலவு சம்பந்தப்பட்ட கேள்வி. அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்து பென்சிலால் கணக்குப் போட வேண்டியது அங்கேதான். பாட்டை விடுவதா என்ற கேள்வி மட்டும் முடிந்துபோயிற்று.

நன்றாக இருந்தார்களா என்று கேட்டீர்களே. பெங்களூர் நாகரத்தினம்மாளை (1878–1952) நினைத்துக்கொள்ளுங்கள். பேரும் பணமும் சம்பாதித்த பாடகி. திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று 1921இல் தெரிந்ததும், தன் சொத்தைப் போட்டு அங்கே நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார். 1925இல் குடமுழுக்கு நடந்தது. அவர் கட்டிய கோயிலில் தியாகராஜர் நினைவாக நடந்த ஆராதனையில் அவரையே பாட விடவில்லை, பெண் என்பதால். அவர் கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. பெண்களைக் கூட்டிச் சமாதிக்குப் பின்னால் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றான பிறகு பெண்கள் எல்லோரோடும் சேர்ந்து பாடினார்கள். கடைசிவரை திருவையாற்றிலேயே இருந்தார். இன்றைக்கும் அவர் சிலை தியாகராஜர் சந்நிதியைப் பார்த்துக் கை கூப்பி உட்கார்ந்திருக்கிறது. வரவு செலவு பார்த்திருந்தால் இதில் ஒரு அடிகூட அவர் எடுத்து வைத்திருக்க முடியாது. தை மாதம் அங்கே போய்த் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் ஒவ்வொரு பெண்ணும் அவர் போட்ட வழியில்தான் போய் உட்காருகிறாள். நானும் போயிருக்கிறேன். முதலில் அந்தச் சிலையைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

கோர்வை போட்டுத் தரும் கைபேசிச் செயலிகளைப் பயன்படுத்தலாமா?

கூட்டல் சரியா என்று பார்க்கலாம். எந்தக் கோர்வை என்பதை அதனிடம் கேட்க வேண்டாம். பாடிக்கொண்டு வந்த ஸ்வரத்திலேயே அதற்கான விதை இருக்கும். கடைசியாக எந்த ஸ்வரத்தில் உங்கள் குரல் ஆசையோடு நின்றதோ, அதிலிருந்து கோர்வை முளைக்கட்டும்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

வருடத்துக்கு ஒன்றிரண்டு போதும். மேடைப் பயம் போகும். அதற்கு மேல் போனால் பிள்ளை நடுவர்களின் முகத்தைப் பார்த்துப் பாடப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை எடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆகிறது.

தாளம் கணக்கெல்லாம் தெரியாத ரசிகன் நான். எனக்குப் பிடித்ததை நல்ல பாட்டு என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா?

தாராளமாக உண்டு. பக்கத்துச் சீட்டுக்காரர் விரல் எண்ணித் தலையாட்டுகிறார் என்பதற்காக நீங்களும் ஆட்ட வேண்டாம். உங்களுக்கு எங்கே உடம்பு சிலிர்த்ததோ அந்த இடம் உண்மையான இடம். ஆனால் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் போனதும் அதே பாட்டை வேறொருவர் பாடியதைக் கேளுங்கள். அங்கும் அதே இடத்தில் சிலிர்த்தால் அது பாட்டை இயற்றியவரின் கொடை. சிலிர்க்கவில்லை என்றால் அன்று பாடியவரின் கொடை. இப்படி நாலு வருடம் கேட்டால் போதும், உங்களைவிட நல்ல ரசிகர் யார்?

சந்தோஷமாக இருக்கும்போது சோகப் பாட்டை எப்படிப் பாடுவது?

இதைக் கேட்டது 11 வயதுச் சிறுமி. அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். புதுப் பாவாடை, கையில் எல்லோருக்கும் கொடுக்க ஆரஞ்சு மிட்டாய். அன்றைய பாடம் சஹானா. "அக்கா, எனக்கு இன்னிக்கு அழுகையே வரல. பாடினா பொய்யாயிடுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இப்படிச் சொன்னேன்: "நீ அழுகையை எங்கேயிருந்தும் கொண்டுவர வேண்டாம். இந்த ராகத்துல அது ஏற்கனவே இருக்கு. நிறைகுடம் மாதிரி. நீ அதைச் சிந்தாம கேக்கறவங்க வரைக்கும் தூக்கிட்டுப் போனா போதும். உனக்குத் தாகம் இருக்கணும்னு இல்ல."

அவள் மிட்டாய்ப் பொட்டலத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பஞ்சமத்திலிருந்து மெல்ல இறங்கினாள். ரிஷபத்துக்கு வந்ததும் கிளம்பவில்லை. நின்றாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்த அவள் அம்மா, சாவியை எடுக்காமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.